பூஜையில் வைத்த லேப்டாப்

அக்டோபர் 11, வெள்ளி

சரஸ்வதி பூஜை. ராகு காலத்துக்கு முன்பே, பத்தே காலுக்கெல்லாம் முடித்தாயிற்று. என் மனைவி செண்பகம் போன பிறகு நான்கு வருடமாக இந்த வீட்டில் பூஜை என் பொறுப்பு. பொரி, அவல், கொண்டைக்கடலைச் சுண்டல், கொய்யாப்பழம். சுண்டலில் உப்பு கொஞ்சம் கூட. மருமகள் பொன்னரசி செய்தது, அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

மகன் சிவபாலன் அவனுடைய பைக் சாவியையும் ஸ்பேனர் பெட்டியையும் வைத்தான். நான் என் பேனாவையும் இந்த டயரியையும் வைத்தேன். பொன்னரசி லேப்டாப்பைத் தரத்தான் யோசித்தாள்.

“இந்த வருஷம் மட்டும் இத விட்டுருவோமா மாமா? இருபத்தெட்டாம் தேதி தீசிஸ் குடுக்கணும். ஒரு நாளும் எனக்குப் பெரிசு.”

“ஒரே நாள்தானம்மா. படிப்புக்குரியவ முன்னாடி இருக்கட்டும். ரெண்டு நாள் வேலை ஒரு நாள்ல ஓடும்” என்றேன். தந்துவிட்டாள். நல்ல பிள்ளை, எதிர்த்துப் பேசமாட்டாள். புத்தகங்களுக்கு மேலே அதை மூடிவைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியும்வரை தொடக் கூடாது, நகர்த்தக் கூடாது. எங்கள் வீட்டில் இது கண்டிப்பு.

தேங்காய் சரிபாதியாக உடைந்தது. பூஜை நல்லபடியாக முடிந்தது. பூஜைத் துண்டை அப்போதே அலசிக் காயப்போட்டேன். மோட்டார் ஒரு மணி நேரம் ஓடியது. வேறு விசேஷம் இல்லை.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. மறுபூஜை முடிந்ததும் வைத்ததை எடுத்து ஒரு வரியாவது படிக்க வேண்டும், எழுத வேண்டும். லேப்டாப்பை நானே இரண்டு கையாலும் எடுத்துப் பொன்னரசியிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் ஃபேனுக்குக் கீழே இருக்கட்டும் என்று சொல்லலாமா என்று ஒரு யோசனை வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை. ஏன் என்று அவள் கேட்டால் என்ன சொல்வது? “ஒரு வரி எழுதும்மா, நல்ல நேரம் போகுது” என்றேன்.

அமுக்கினாள். வெளிச்சம் வந்தது. எழுத்துகூட வந்தது. பிறகு சுவிட்ச் போர்டு கருகினால் வருமே, அந்த மாதிரி லேசாக ஒரு வாடை. திரை கறுத்துப்போனது.

மறுபடி அமுக்கினாள். மறுபடியும். நான் சுண்டல் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

சிவபாலன் அனல்மின் நிலையத்தில் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தான். போனில் எதையோ பார்த்துவிட்டு லேப்டாப்பை அரிசி வாளிக்குள் புதைத்துவைத்தான். அரிசி ஈரத்தை இழுக்குமாம். அதற்கு முன் கவிழ்த்தபோது ஓரத்தில் ஈரம் கசிந்ததைப் பொன்னரசிதான் பார்த்தாள். அவளாகவே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டாள். வியாழக்கிழமை நூலகத்திலிருந்து வந்தபோது பையில் தண்ணீர் பாட்டிலும் இருந்ததாம், மூடி சரியாக இல்லையாம்.

சிவபாலன் பிடித்துக்கொண்டான். “எத்தன தடவ சொல்லியிருக்கேன், பாட்டிலையும் அதையும் ஒரே பையில போடாதன்னு. அஞ்சு வருஷமாப் படிக்க. ஒரு பாட்டில ஒழுங்கா மூடத் தெரியல.”

“என் தப்புதான்” என்றாள் அவள்.

“காப்பி எடுத்து வச்சியா?”

“மூணு சாப்டர் பென்டிரைவுல இருக்கு. கடைசி ரெண்டும் ரிக்கார்டிங்கும் இதுலதான். எடுத்து வைக்கணும் வைக்கணும்னே…”

அதற்கும் திட்டு. நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன், பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு வரி விளம்பரம் உட்பட எல்லாப் பக்கமும் படித்தேன். உப்பு விலை இறக்கம்.

அக்டோபர் 14, திங்கள்

பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு லேப்டாப் ரிப்பேர் கடை. நானும் பொன்னரசியும் ஆட்டோவில் போனோம். கடைக்காரி செலஸ்டின் என்று ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் பூதக்கண்ணாடியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லேப்டாப்பைக் கவிழ்த்தாள். நாலைந்து அரிசி விழுந்தது.

“அரிசில வச்சீங்களா? பொங்கல் வைக்கவா?” என்று சிரித்தாள். பிறகு சிரிக்காமல் ஒரு அட்டையை எடுத்தாள். பேர், போன் நம்பர் எழுதிவிட்டு, ‘பழுதின் காரணம்’ என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டாள்: “என்ன ஊத்துச்சு?”

“தண்ணி. பையில பாட்டில் லீக் ஆயிட்டு” என்றாள் பொன்னரசி.

“வெறும் தண்ணியா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வெறும் தண்ணின்னா காயவச்சுட்டு கரண்ட் குடுத்துப் பாப்பேன். காப்பி, ஜூஸ் இந்த மாதிரி வேற எதும்னா முதல்ல போர்டக் கழுவணும். கழுவாம கரண்ட் குடுத்தா உள்ளதும் போயிரும். இந்த மாடல்ல டிஸ்க்க தனியாக் கழட்ட முடியாது, போர்டோட சேந்தது. போர்டு உயிரோட வந்தாத்தான் உங்க ஃபைலு.”

“தண்ணிதான்” என்றாள் பொன்னரசி.

செலஸ்டின் என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். நான் கடைச் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தேன். ‘தண்ணீர்’ என்று எழுதினாள்.

வரும் வழியில் தேரடி பக்கம் வந்தபோது பொன்னரசி, “மாடத்தியம்மா குரல் அதுலதான் இருக்கு மாமா” என்றாள். அவளுடைய ஆய்வு, உப்பளத்தில் வேலை பார்க்கிற பெண்களைப் பற்றியது. நாற்பது பேரிடம் பேசிப் பதிவு செய்திருக்கிறாள். மாடத்தியம்மா ஆவணியில் இறந்துவிட்டது. அதன் பேச்சைத் திரும்பத் திரும்பப் போட்டு பொன்னரசி எழுதியபோது எனக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். உப்பு வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண் போய், மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை முகமே தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரிக்கும். எனக்கும் சிரிப்பு வரும்.

அக்டோபர் 15, செவ்வாய்

துறைமுக எடைமேடையில் முப்பத்தோரு வருடம் இருந்தேன். லாரிக்காரன் எவனும் என்னிடம் ஒரு கிலோ மாற்றி எழுதி வாங்கியதில்லை. இந்த டயரியும் அப்படித்தான் என்று சொல்லிக்கொள்வேன். வெள்ளிக்கிழமை பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பொய் ஒன்றும் இல்லை. தேங்காய் சரிபாதியாகத்தான் உடைந்தது. துண்டை அலசத்தான் செய்தேன்.

எதற்கு அலசினேன் என்று எழுதவில்லை.

இப்போது எழுதுகிறேன். தேங்காயை உடைத்தவுடன் தண்ணீரைச் செம்பில் வடித்துவிடுவதுதான் வழக்கம். அன்று செம்பை எடுத்துவைக்க மறந்துவிட்டேன். மகனும் மருமகளும் அடுப்படியில் இருந்தார்கள். ராகு காலம் வந்துவிடும் என்ற அவசரத்தில், தண்ணீர் நிறைந்த தேங்காய் மூடியை அப்படியே தாம்பாளத்துக்குக் கொண்டுபோனேன். கை சரிந்தது. முக்கால்வாசியும் லேப்டாப் மேல். அதன் மேல்பக்கத்தில் விழுந்து பின்பக்கம் கீல் இருக்கிற இடுக்கில் இறங்கியது. துண்டால் மேலே துடைத்தேன். தூக்கிக் கவிழ்த்திருக்க வேண்டும். பூஜையில் வைத்ததை நகர்த்தக் கூடாதே என்று விட்டுவிட்டேன். அல்லது, தூக்கினால் எதற்கு என்று கேட்பார்களே என்று விட்டுவிட்டேன். இரண்டில் எது என்று இன்றைக்கு என்னால் சத்தியம் பண்ண முடியாது.

குங்குமம் கரைந்து ஓடியிருந்தது. திரும்ப வைத்தேன்.

சாயங்காலம் நாலு மணிக்குச் செலஸ்டினிடம் சொல்லிவிடுவது என்று போனேன். கடையில் இரண்டு பேர் நின்றார்கள். எதிரே டீக்கடையில் உட்கார்ந்தேன். அவர்கள் போனதும் போகலாம் என்று ஒரு டீ. அவர்கள் போனார்கள். இன்னொரு டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. பிறகு மழை தூறியது, வந்துவிட்டேன்.

அக்டோபர் 16, புதன்

கடை திறக்கும்போதே வாசலில் நின்றேன். “அம்மா, அது வெறும் தண்ணி இல்ல. தேங்காத்தண்ணி. நான்தான் கொட்டினேன்” என்றேன். ஒரே மூச்சில் சொன்னால் லேசாகிவிடும் என்று நினைத்திருந்தேன்.

அவள் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். “நேத்தே வந்து ஏன் ஐயா சொல்லல?”

“வந்தேன்.”

“எப்ப?”

“நாலு மணி. எதிர்க்கடையில டீ குடிச்சுட்டு…”

“நாலரைக்குக் கரண்ட் குடுத்தேன்” என்றாள். “தண்ணின்னு எழுதிருக்கேன்லா, அத நம்பிக் குடுத்தேன். போர்டுல ஒரு ஐசி சிப் புகைஞ்சு போச்சு.”

என்னை உள்ளே கூப்பிட்டுப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்க்கவைத்தாள். பச்சைக் களிம்பு. கழுவாத பித்தளைச் செம்பில் பிடித்திருக்கிற மாதிரி. உப்பும் சர்க்கரையும் சேர்ந்தது அந்தத் தண்ணீர் என்றாள், அதனால்தான் ஒட்டிக்கொண்டு அரிக்கிறதாம். அந்த ஐசி சென்னையிலிருந்து வர வேண்டும். அதற்குள் போர்டைக் கழுவிவைப்பாளாம்.

“மருமகட்ட சொல்லிராதம்மா” என்றேன்.

“நான் எதுக்குச் சொல்லுதேன்? ஆனா கார்டுல எழுதுவேன். என்ன ஊத்துச்சுன்னு எழுதாம நான் போர்டுல கை வைக்கிறதில்ல.” ‘தண்ணீர்’ என்பதை அடித்துவிட்டு ‘தேங்காய்த் தண்ணீர்’ என்று எழுதினாள். பக்கத்தில் ‘தகவல் சொன்னவர்’ என்று போட்டு என் பேரைக் கேட்டாள். ஆறுமுகநயினார் என்றேன். தேதியும் போட்டாள்.

அந்த இரண்டாவது டீயில் சர்க்கரைகூட இல்லை.

அக்டோபர் 17, வியாழன்

பொன்னரசி கடைசி இரண்டு சாப்டரையும் நினைவிலிருந்து நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டாள். நான் காய் நறுக்கினேன், துணி மடித்தேன். “நீங்க ஏன் மாமா இதெல்லாம்?” என்றாள். சும்மாதான் என்றேன்.

அக்டோபர் 19, சனி

கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். பொன்னரசி விரலில் பேனா அழுத்திக் காய்ப்பு. சிவபாலன் இன்னும் சரியாகப் பேசவில்லை அவளிடம். சாப்பிடும்போது, “தீபாவளிக்குள்ள முடிஞ்சிருமா, இல்ல இன்னொரு வருஷமா?” என்று கேட்டான். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். நான் அவனிடம், “ரசம் ஊத்திக்கோ” என்றேன். எனக்குச் சொல்ல வந்த வார்த்தை அதுதான்.

அக்டோபர் 21, திங்கள்

ஐசி வரவில்லை. கடைக்குப் போனேன், வந்தேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

ஐசி வந்துவிட்டதாம். தினமும் போகிறேனே என்று பொன்னரசிக்கு என்மேல் பாவம். “வெயில்ல அலையாதீங்க மாமா, போன் பண்ணிக் கேட்டுக்கிடலாம்” என்று குடையை எடுத்துக் கொடுத்தாள். அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்த தூரத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

அக்டோபர் 24, வியாழன்

உயிர் வந்துவிட்டது. செலஸ்டின் போன் பண்ணினாள். பொன்னரசியும் நானும் ஓடினோம். இரண்டு சாப்டரும் இருக்கிறது. பொன்னரசி கடையிலேயே அழுதாள். செலஸ்டின் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டு, எல்லாவற்றையும் புது ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்தாள்.

ரிக்கார்டிங் நாற்பதில் முப்பத்துநாலு திறக்கிறது. ஆறு திறக்கவில்லை. பொன்னரசி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். மாடத்தியம்மாவுடையது அந்த ஆறில் ஒன்று. மூன்று முறை போட்டாள்.

“முதல் தடவ கரண்ட் குடுத்தப்பவே போயிருக்குமா?” என்று கேட்டாள்.

செலஸ்டின் என் பக்கம் திரும்பவேயில்லை. “முதல் தடவையா ரெண்டாவது தடவையான்னு சொல்ல முடியாதும்மா” என்றாள்.

முதல் தடவை, நல்ல நேரம் போகிறது என்று நான் சொல்லி அமுக்கியது. இரண்டாவது தடவை நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எதுவாக இருந்தால் என்ன?

பொன்னரசி முகம் கழுவப் போன நேரத்தில் செலஸ்டின் கார்டை மேசைமேல் வைத்தாள். “இது கஸ்டமர் காப்பி” என்றாள். எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இப்போது இந்த டயரிக்குள் இருக்கிறது.

அக்டோபர் 25, வெள்ளி

ஆய்வேட்டின் முன்பக்கத்தில் நன்றியுரை என்று ஒன்று உண்டாம். எழுதிவிட்டு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து வாசித்தாள். வழிகாட்டி, நூலகர், உப்பளத்துப் பெண்கள், சிவபாலன். கடைசி வரி இது: ‘என் மாமா ஆறுமுகநயினார் அவர்கள் வெயிலென்றும் மழையென்றும் பாராமல் கடைக்கு நடையாய் நடந்து இந்த ஆய்வை மீட்டுத் தந்தார்கள்.’

“நல்லாருக்கா மாமா?”

“பேர்ல ‘யி’ குறில்தான? சரியா இருக்கு” என்றேன்.

அக்டோபர் 26, சனி

சாப்பாடு இறங்கவில்லை. பித்தம் என்று சொன்னேன். இஞ்சி தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்துத் தந்தாள். குடித்தேன். முழுவதும் குடித்தேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

காலையில் இருவரும் வீட்டில் இருந்தார்கள். பொன்னரசி சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துப் பக்க எண் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். சிவபாலன் ஷூ துடைத்துக்கொண்டிருந்தான். நான் கார்டை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தேன். பேச்சாகச் சொல்ல நாக்கு வராது என்று தெரியும்.

வாசித்தாள். இன்னொரு முறை வாசித்தாள்.

“தேங்காத்தண்ணியா? பதினாறாம் தேதியே உங்களுக்குத் தெரியுமா?”

“பதினொண்ணாம் தேதியே தெரியும்” என்றேன். “நான்தான் கொட்டினேன். பூஜையில.”

சிவபாலன் எழுந்து வந்து கார்டை வாங்கிப் பார்த்தான். “என்னப்பா நீங்க” என்று ஆரம்பித்தான். அவன் எதை நினைத்து நிறுத்தினான் என்று எனக்குத் தெரியும். பொன்னரசி பக்கம் திரும்பாமல் வாசலுக்குப் போய் நின்றுகொண்டான்.

எல்லாவற்றையும் சொன்னேன். செம்பை, துண்டை, குங்குமத்தை, இரண்டு டீயை. முடித்த பிறகு பொன்னரசி கேட்டாள்.

“கைதவறிக் கொட்டுனது யாருக்கும் நடக்கும். அத விடுங்க. அன்னைக்கு ஞாயித்துக்கிழம அவுங்க என்னையத் திட்டும்போது நீங்க இங்கதான இருந்தீங்க?”

“ஆமாம்மா.”

“பேப்பர் படிச்சுட்டிருந்தீங்க.”

“ஆமா.”

“நான் உங்களப் பாத்தேன் மாமா. எனக்காக ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க பக்கத்தத் திருப்பினீங்க.”

“அந்த நன்றியில இருந்து என் பேர எடுத்துரும்மா” என்றேன்.

லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். கடைசி வரியின் முடிவில் ஒரு கோடு மின்னிக்கொண்டிருந்தது. “நீங்களே எடுங்க” என்று ஒரு பொத்தானைக் காட்டினாள்.

பதினைந்து நாளுக்குப் பிறகு அதைத் தொட்டேன். ஒரு அமுக்குக்கு ஓர் எழுத்து போனது. மொத்தமாக அழிக்க வழி இருக்கும். அவளும் சொல்லித்தரவில்லை, நானும் கேட்கவில்லை. ‘மீட்டுத் தந்தார்கள்’ போனது. ‘நடையாய் நடந்து’ போனது. அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ‘வெயிலென்றும் மழையென்றும் பாராமல்’ போக நிறைய நேரமானது. ‘அவர்கள்’ போனது. என் பேருக்கு வந்து, ‘ர்’ மேல் கை வைத்தபோது, “போதும்” என்றாள்.

“பேர் இருக்கட்டும். வீட்டுல இருக்கிறவங்க பேர் எல்லாம் இருக்கு. நன்றி மட்டும் வேண்டாம்.”

பிறகு அடுப்படிக்குப் போனாள். காப்பி வாசனை வந்தது. ஒரு டம்ளரோடு திரும்பி வந்து உட்கார்ந்து, பக்க எண்ணை விட்ட இடத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தாள். இந்த வீட்டுக்கு வந்த ஆறு வருடத்தில் அவள் தனக்கு மட்டும் காப்பி போட்டது இன்றைக்குத்தான். நான் எழுந்துபோய் எனக்கு நானே போட்டுக்கொண்டேன். சிவபாலனுக்கும் ஒன்று போட்டு வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். “அவகிட்ட பேசுலே” என்றேன். தலையாட்டினான்.

அக்டோபர் 28, திங்கள்

மழை. காலை ஏழு மணிக்கு இருவரும் பைக்கில் கிளம்பினார்கள், ஆய்வேட்டுக் கட்டைப் பாலித்தீன் பையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு. என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. வாசலில் நின்று பார்த்தேன்.

கொடுத்தாயிற்று என்று பன்னிரண்டு மணிக்கு சிவபாலன் போன் பண்ணினான்.

அக்டோபர் 11ஆம் தேதிப் பக்கத்தைத் திறந்தேன். ‘பூஜை நல்லபடியாக முடிந்தது’ என்பதை அடித்தேன். செலஸ்டின் அடித்த மாதிரி, அடித்ததும் தெரியும்படி ஒரே கோடு. மேலே எழுத இடம் குறைவு. பொடி எழுத்தில் எழுதினேன்: தேங்காய்த் தண்ணீர் கொட்டியது. கொட்டியவன் நான். மாடத்தியம்மா சிரிப்பு போய்விட்டது. தகவல் சொன்னவர், ஆறுமுகநயினார்.

அதன் பக்கத்தில் இன்றைய தேதியைப் போட்டேன்.